சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு கேம் கம்ப்யூட்டர்

கடைக்காரன் என்னைப் பார்த்து முதலில் கேட்டதே "மகனுக்கா அக்கா?" என்றுதான்.

எனக்கு மகன் இல்லை. கல்யாணமே இல்லை. நாற்பதைத் தாண்டிய ஒருத்தி, தொழிற்சாலைச் சட்டையோடு வந்து நின்று, கேம் விளையாடுகிற கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் அவன் வேறு என்ன நினைப்பான்? விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. காலையிலிருந்து நின்ற கால் முழங்காலுக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அதிலிருந்து அந்தக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என் இல்லாத மகனைப் பற்றியே பேசினார்கள். பள்ளியில் எந்தப் படிவம், எந்த வகுப்பு படிக்கிறான், கண்ணாடி போட்டிருக்கிறானா, பாடமெல்லாம் எப்படி. "சொன்னா எங்க கேக்கறான்" என்று நானும் அலுத்துக்கொண்டேன். மகன்தான் பொய், அலுப்பு பொய்யில்லை.

சொன்னால் கேட்காத ஒருவன் எனக்கு உண்மையிலேயே இருந்தான். என் தம்பி.

அவன் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ஒரு வருடத்தில் எல்லாம் தலைகீழானது. வேலை போனது. அவன் மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதன் நடுவில் அப்பாவின் முதல் திதி வந்தது. அம்மா அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, இலையைத் துடைத்து வைத்து, வாசல் கேட்டைத் திறந்தே போட்டிருந்தார். அவன் வரவில்லை. ஒரே மகன் செய்ய வேண்டியதைக் கடைசியில் என் மாமா உட்கார்ந்து செய்தார். அதற்குப் பிறகு தம்பி போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

பஸ் பிடித்து நேரில் போய்ப் பார்த்தேன். கதவைப் பாதி திறந்து, பாதி மறைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. தாடி வளர்ந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கேன்கா. நீ போ."

"அம்மா தெனமும் உன்னையதான்டா கேக்கறாங்க."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அம்மா முன்னால நிக்கறது, நீயே சொல்லு. அப்பாவுக்கு ஒரு புடி சோறு வைக்க வரல நானு."

"அம்மாவுக்குக் கோவம் இல்லடா."

"நீ சும்மா சொல்ற லா."

அடுத்த முறை போனபோது அந்த அறையில் வேறு யாரோ இருந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இனி என்னால் முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குப் போனால், காலில் இருக்கும் சப்பாத்தைக் கழற்றும் முன்பே அம்மா கேட்பார். "தம்பி போன் அடிச்சானா?" பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் அந்தக் கேள்வி தினமும் என்னை எதிர்கொண்டு நிற்கும். "பிஸியா இருப்பான்மா" என்பேன். அம்மா எனக்குச் சோறு போடப் போவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஜாசினில் ஒரு கல்யாணத்தில் என் சித்தி மகனைப் பார்த்தேன். டவுனில் பேங்கில் வேலை செய்கிறவன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"அண்ணன் ஓகேதான்கா. சாயங்காலம் கேம்ல வருவாரு. நாங்க ஒரே டீம்."

எனக்கு வந்த கோபத்தில் அவன் இலையை மடித்துவிடலாம் போலிருந்தது. இங்கே ஒருத்தி பஸ் ஏறி ஊர் ஊராகத் தேடுகிறாள், இவன் அவனோடு சேர்ந்து துப்பாக்கி சுட்டுக்கொண்டிருக்கிறான்.

"பேசுவானா?"

"பேசுவாரு, கேம் பத்தி மட்டும். குடும்பப் பேச்சு எடுத்தா அவ்ளோதான், ஆஃப்லைன். ரெண்டு நாளைக்கு வர மாட்டாரு. அதான் நான் வாயே தொறக்கறதில்ல."

"நானும் வரலாமா அதுல?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். போனில் ஓடாது, கம்ப்யூட்டரில் மட்டும்தான், அதுவும் சாதாரண கம்ப்யூட்டர் தாங்காது என்றான். சிரிக்காமல் சொன்னதற்காக அவனை மன்னித்தேன்.

அடுப்படியில் அலமாரியைக் கரையான் அரித்திருந்தது. அதை மாற்றுவதற்கென்று இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளிப் பணம் சேர்த்து வைத்திருந்தேன். அலமாரி இன்னும் ஒரு வருடம் நிற்கும் என்று முடிவு செய்தேன். அம்மாவிடம், தொழிற்சாலையில் கொஞ்சம் ஆபீஸ் வேலையும் கொடுத்து வீட்டிலிருந்து செய்யச் சொல்கிறார்கள், அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றேன். உண்மையைச் சொல்லி, தம்பி வராமல் போனால், அம்மாவின் முகத்தை யார் பார்ப்பது?

சித்தி மகன் வரிசையாக வீடியோ அனுப்பினான். தொழிற்சாலைப் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே பார்த்தேன். கிராஃபிக்ஸ் கார்டு என்றால் படம் காட்டுகிற பலகை, ரேம் என்றால் வேலை செய்கிற மேசை, பவர் சப்ளை மட்டமாக இருந்தால் எல்லாம் சேர்ந்து எரியும். ஒருவன் இதுதான் சிறந்தது என்பான், அடுத்த வீடியோவில் இன்னொருவன் அதை வாங்குகிறவன் முட்டாள் என்பான். செங் என்ற ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், இருபது வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சிப்புகளில் நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். அதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது அதை விலை கொடுத்து வாங்க வேண்டி வந்தபோது, ஒரு சிப்பைக் கண்டாலே எனக்குக் கண் வலித்தது.

அந்த முதல் கடையில் இருந்ததெல்லாம் என் கைக்கு எட்டாத விலை. மாதாமாதம் கட்டலாம் என்றார்கள். மகன் ஆசைப்படுகிறானே என்றார்கள். அவன் ஆசைப்பட்டால் நானா பொறுப்பு என்று வெளியே வந்தேன். இரண்டாவது கடையில் என் பணத்துக்குள்ளேயே ஒன்று இருந்தது. பெட்டி முழுக்க வண்ண வண்ணமாக விளக்கு, மேலே கேமிங் என்று ஸ்டிக்கர். நான் மயங்கித்தான் போனேன். சித்தி மகனுக்கு வீடியோ காலில் காட்டினேன். "உள்ளுக்குத் தொறந்து காட்டச் சொல்லுங்க" என்றான். திறந்தார்கள். "வெறும் லைட்டுதான்கா. கிராஃபிக்ஸ் கார்டே இல்ல. தீபாவளிக்குத் தொங்க விடலாம், வெளையாட முடியாது." எனக்கு அங்கேயே தரையில் உட்காரலாம் போலிருந்தது.

மூன்றாவது கடை எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே, டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மூடிப்போன சைபர் கஃபேக்களின் கம்ப்யூட்டர்களை வாங்கி, பிரித்துச் சேர்த்து விற்கிற ஒரு சீனர். நான் போனபோது மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகனைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த கேம் ஓட வேண்டும் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். வேறு? வேறு எதுவும் வேண்டாம், அது ஒன்று ஓடினால் போதும் என்றேன். அவர் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, "அதை முதல்லயே சொன்னா வேலை சுலபம்" என்றார். மற்றவர்கள் எல்லாம் நாளைக்கு வரப்போகிற கேமுக்கும் சேர்த்து வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு வரப்போகிறது எனக்கு எதற்கு?

பழைய கார்டு, பழைய திரை, புது பவர் சப்ளை. பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க விடமாட்டேன் என்றார். பெட்டி மட்டும் விளக்கு வைத்ததுதான் கைவசம் இருந்தது. எல்லாம் சேர்ந்ததும் என் பணம் துடைத்துக்கொண்டு போனது. காதில் மாட்டும் பெரிய ஹெட்செட்டுக்கு மிச்சமில்லை. மேசை இழுப்பறையைத் துழாவி, ஒயரில் மைக்கும் அதை அடைக்க ஒரு தள்ளும் பொத்தானும் உள்ள இயர்போன் ஒன்றை எடுத்துச் சும்மாவே கொடுத்தார். பொத்தான் கொஞ்சம் லூஸ், பார்த்துக்கொள் என்றார். எனக்குப் பேசுகிற உத்தேசமே இல்லை, அதனால் கவலைப்படவில்லை.

வீட்டில் அதை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. என் அறையில் கட்டிலும் அலமாரியும் போக நிற்கக்கூட இடமில்லை. ஹாலில் சாமி மேடைக்குப் பக்கத்தில்தான் பிளக் இருந்தது. அம்மாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. சோறு போடுகிற சாமான் சாமி பார்வையில் இருக்கட்டும் என்றார். விளக்கு எரிந்ததும் கிட்டத்தில் வந்து பார்த்தார். "கோயில்ல சாமிக்குப் பின்னால சுத்துமே, அதே லைட்டு" என்றார். ஆபீஸ் வேலைக்கு எதற்கு இவ்வளவு லைட்டு என்று கேட்கவில்லையே என்று நான் நிம்மதியானேன். பெட்டியின் கண்ணாடிப் பக்கத்தில் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தார். எங்கள் வீட்டில் ரேடியோவோ டிவியோ புதிதாக வந்தால் அதில் முதலில் கேட்பது சாமி பாட்டாகத்தான் இருக்க வேண்டும். இதிலும் ஒன்றைப் போட்டேன், அது முடிகிறவரை அம்மா கை கூப்பி நின்றார். நான் தூக்கம் சொக்க, கூடவே நின்றேன்.

புதிதாகச் சேர்கிறவள் தன் பேங்க் தோழி, மைக் ரிப்பேர், பேச மாட்டாள் என்று சித்தி மகன் தம்பியிடம் சொல்லி வைத்தான். நாலு பேர் சேர்ந்து ஒரு தீவில் குதித்து, கடைசிவரை சாகாமல் இருக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. நான் குதித்த இடத்தில் தண்ணீர் இருந்தது. எப்படி நீந்துவது என்று விசைப்பலகையில் தேடிக்கொண்டிருந்தபோது, காதுக்குள் என் தம்பியின் குரல் கேட்டது.

"ஏய் புதுசு, பயப்படாத. ஸ்பேஸ் பார அழுத்து. மேல வந்துருவ."

எத்தனையோ மாதம் கழித்துக் கேட்கிறேன். பொத்தானைத் தள்ளி "டேய்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவன் போய்விடுவான், அறையை மாற்றிய மாதிரி இதையும் மாற்றிவிடுவான் என்ற பயம் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் மேலே வந்தேன். கரையேறியதும் யாரோ சுட்டுச் செத்தேன்.

அதன் பிறகு முடிந்த நாளெல்லாம் வேலை முடிந்து வந்து, குளித்து, சாமி மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பகல் முழுக்க மைக்ராஸ்கோப், சாயங்காலம் திரை. கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு விளையாடினேன். விளையாட்டில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அவன் பின்னாலேயே ஓடுவேன். நான் அடிபட்டுக் கிடந்தால் வந்து தூக்கிவிடுவான். "புதுசு, மருந்து போட்டிருக்கேன், எடுத்துக்க" என்பான். முகம் தெரியாத ஒருத்திக்கு இத்தனை செய்கிறவன், பெற்றவளுக்கு ஒரு போன் அடிக்க மாட்டானா என்று ஆத்திரமாக வரும். அப்படியே, அவன் மனசு இன்னும் கெட்டுப்போகவில்லை என்று ஆறுதலாகவும் இருக்கும். அவனுக்கு இருமல் வந்ததும் போனதும் தெரிந்தது. ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருப்பதும், வெள்ளிக்கிழமை சீக்கிரம் விடுவார்கள் என்பதும் தெரிந்தது. சமைக்கச் சோம்பல்பட்டு மேகி மீயே தின்கிறான் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் மனசு தாங்காமல் அம்மாவிடம், "தம்பி மெசேஜ் போட்டான்மா. வேலை கெடைச்சிருச்சாம்" என்றேன். அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"ஒனக்குப் போடறவன் எனக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்றார். "நான் என்ன பண்ணேன் அவன?"

அன்றைக்கு நான் பட்ட வேதனைக்கு, சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வேறு ஒரு தொல்லை இருந்தது. அம்மா விளக்கேற்றிச் சாம்பிராணி போடும் நேரமும் தம்பி விளையாட வரும் நேரமும் ஒன்று. "நீ ஆபீஸ் வேலைய பாரு, சாமி நான் கும்பிட்டுக்கறேன்" என்று அம்மா பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். ஆனால் சாமிக்குக் காட்டிய சாம்பிராணியைக் கம்ப்யூட்டருக்கும் காட்டாமல் விடமாட்டார். தொழில் செய்கிற சாமான் அல்லவா? பெட்டியின் முன்பக்கம் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். அம்மா சட்டியை நீட்டியதும் புகை மொத்தமும் உள்ளே போகும். "பாத்தியா, எப்படி வாங்கிக்குது" என்பார் பரம திருப்தியோடு. வாரா வாரம் என் கரையான் அலமாரிப் பணம் புகையைக் குடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல வாய் வராது. அதைச் சொன்னால் அது என்ன, எதற்கு என்று எல்லாம் சொல்ல வேண்டி வரும்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் நாலு பேரும் ஒரு வீட்டுக்குள் ஒளிந்திருந்தோம். தம்பி வாசலில் காவல். அம்மா விளக்கை ஏற்றினார். என் இயர்போன் ஒயர் மேடை ஓரமாகத் தொங்கியது.

"ஒயரு வெளக்குல படப் போவுது" என்று அம்மா அதை இழுத்துக் காலண்டர் ஆணியில் மாட்டினார். லூஸ் பொத்தான் நகர்ந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

அம்மா மணி அடித்தார். எப்போதும் போல வாய்விட்டு வேண்டினார். எங்கள் பெயரைச் சொல்லமாட்டார், கோயில் அர்ச்சனையில் சொல்வதுபோல் நட்சத்திரத்தைத்தான் சொல்வார்.

"சாமி, மூத்தவ அவிட்டம். ஒக்கார நேரமில்லாம வேல செய்றா, அவ கண்ணப் பாத்துக்க. சின்னவன் உத்திரட்டாதி. அவன் அப்பனுக்கு வர முடியலன்னு மனசு கஷ்டப்படுவான். அது அவன் தப்பு இல்ல சாமி, அவனுக்கு அந்த நேரம் சரியில்ல. எங்க இருந்தாலும் அவனுக்கு வேளைக்குச் சோறு குடு."

பிறகு சாம்பிராணிச் சட்டியோடு என் பக்கம் திரும்பினார். "கால எடு, கம்ப்யூட்டருக்குக் காட்டணும்."

திரையில் தம்பி அசையாமல் நின்றான். வெளியே இருந்து சுட்டுக்கொண்டே வருகிறார்கள், இவன் நிற்கிறான். கூட இருந்த ஒருவன் கத்தினான். தம்பி விழுந்தான். எழுப்ப நான் ஓடினேன். அப்போதுதான் சித்தி மகன் மெதுவாக, "கா... உங்க மைக் ஓப்பனா இருக்கு" என்றான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இதோ இப்போது அவன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி அணையும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணையவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றான். குரல் சரியாக வரவில்லை. கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். "அம்மாவ அந்தப் பெட்டிக்கிட்ட சாம்பிராணி காட்ட வேணாம்னு சொல்லுக்கா. ஃபேன்ல சாம்பல் ஏறும். கார்டு சூடாயிடும்."

நான் குனிந்து பெட்டியின் ஃபேனைப் பார்த்தேன்.

"இப்பவே ஏறியிருக்கும்," என்றான். "நீ தொறக்காத, ஒடைச்சிருவ. நான் வந்து தொடைக்கறேன்."

அம்மா சட்டியைக் கம்ப்யூட்டர் பக்கம் நீட்டினார். நான் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தேன்.

"அதுக்குக் காட்டக் கூடாதாம்மா."

"யாரு சொன்னது?" என்றார் அம்மா, கோபமாக.

நான் இயர்போனைக் கழற்றி அம்மாவின் காதில் வைத்தேன். இரண்டு கையிலும் சட்டியைப் பிடித்தபடி, புகைக்கு நடுவில், அதை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் அம்மா நின்றார்.